சிறு வகுப்பில் கணினிப் பாடம்: ஆசிரியருக்கு எதைக் கற்றுத் தருவது?



தொடக்கப் பள்ளி ஆசிரியையாகவே பணி ஓய்வு பெற்ற ஒருவரின் நினைவாக, அவருடைய பிள்ளைகள் இந்தச் சொற்பொழிவை ஏற்படுத்தியிருக்கிறார்கள். தொடக்கக் கல்வியைப் பற்றித்தான் பேச வேண்டும் என்பது அவர்கள் வைத்த ஒரே நிபந்தனை. மனம் நிறைந்து ஏற்கக்கூடிய நிபந்தனை அது. உயர்கல்விக்கு மேடைகள் எத்தனையோ இருக்கின்றன. ஒன்றாம் வகுப்புக்கு இப்படி ஒரு மேடை கிடைப்பது அரிது.

2025 அக்டோபரில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 2026-27 கல்வியாண்டிலிருந்து மூன்றாம் வகுப்பு முதலே செயற்கை நுண்ணறிவும் கணிமைச் சிந்தனையும் பாடத்தில் இடம்பெறும் என்பது செய்தி. உடனே விவாதங்கள் கிளம்பின. எட்டு வயதுக் குழந்தைக்கு இது தேவையா, பள்ளிகளில் கணினி இருக்கிறதா, இணையம் கிடைக்குமா என்றெல்லாம் கேட்டார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் என் மனத்தை விட்டு அகலாத கேள்வி வேறு. இந்தப் பாடத்தை யார் நடத்தப் போகிறார்? மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் நடத்துபவர் இங்கே வரப்போவதில்லை. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று எல்லாவற்றையும் ஒருவராகவே நடத்துகிற இடைநிலை ஆசிரியர்தான் இதையும் நடத்தியாக வேண்டும். ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் இரண்டு மூன்று வகுப்புக் குழந்தைகள் ஒரே அறையில் அவர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். அவருக்கு நாம் எதைக் கற்றுத் தரப்போகிறோம்? எப்படிக் கற்றுத் தரப்போகிறோம்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவியை இயக்கக் கற்றுத் தருவது இந்தப் பயிற்சியில் சிறு பகுதிதான். குழந்தை தவறு செய்யும்போது அதை உடனே திருத்திவிடாமல், தவறு எந்த இடத்தில் நேர்ந்தது என்று குழந்தையே கண்டுபிடிக்கும்படி கேள்வி கேட்கிற பழக்கம்தான் பெரும் பகுதி. அந்தப் பழக்கம் ஒரு நாள் பயிற்சியில் வராது. இதைச் சொல்ல எனக்கு இங்கிலாந்தின் அனுபவம் துணை நிற்கிறது. ஐந்து வயதிலிருந்தே கணினிப் பாடத்தைச் சட்டப்படி பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்த நாடு அது. அங்கே எது தேறியது, எது தேறவில்லை என்பதை அவர்களே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கதை 1980களில் தொடங்குகிறது. பிபிசி மைக்ரோ என்ற கணினி பிரிட்டன் பள்ளிகளுக்குள் நுழைந்த காலம். அதோடு லோகோவும் வந்தது. லோகோ என்பது குழந்தைகளுக்காக 1967இல் அமெரிக்காவில் உருவான நிரல்மொழி. சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபொயர்ஸைக் ஆகியோர் அதை உருவாக்கினார்கள். பேப்பர்ட் ஜெனீவாவில் உளவியலாளர் பியாஜேயுடன் வேலை செய்தவர். குழந்தைகளின் தவறுகளைக் கவனித்துப் பார்த்தால் அவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பது தெரியும் என்று பியாஜே உலகுக்குக் காட்டியவர் அல்லவா? அந்தப் பாடத்தைப் பேப்பர்ட் கணினிக்குக் கொண்டுவந்தார். தரையில் ஊர்ந்து கோடு வரையும் இயந்திர ஆமைக்குக் குழந்தை கட்டளை கொடுக்கும். ஆமை தவறான பக்கம் திரும்பினால் குழந்தை எழுந்து நின்று தானே ஆமையாக நடந்து பார்க்கும். 1980இல் வெளிவந்த ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்ற நூலில் பேப்பர்ட் இதை விரிவாக எழுதினார்.

அந்த உற்சாகம் நீடிக்கவில்லை. 1990களில் அங்கே கணினிப் பாடம் தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் என்ற பெயரில் தட்டச்சு, அட்டவணை, படக்காட்சி தயாரித்தல் என்று சுருங்கியது. ஆசிரியர்களுக்குப் பெரிய அளவில் பயிற்சி கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள். 1999 முதல் 2003 வரை, லாட்டரி நிதியிலிருந்து 23 கோடி பவுண்டு செலவில் நாடு முழுவதும் ஆசிரியர்களுக்குக் கணினிப் பயிற்சி நடந்தது. இத்தனை பணம் கொட்டி நடத்திய பயிற்சியைப் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டே குறை கூறியது. பயிற்சி கொடுத்தவை அங்கீகாரம் பெற்ற வெளி நிறுவனங்கள். ஆசிரியர் பெரும்பாலும் பள்ளி முடிந்தபிறகு, தன் சொந்த நேரத்தில் அதைப் படிக்க வேண்டியிருந்தது. மென்பொருளின் பொத்தான்கள் பயிற்சியில் இருந்தன. நாளைக் காலை அவர் எடுக்கப்போகும் வகுப்பு அதில் இல்லை.

2011 ஆகஸ்டில் கூகுள் நிறுவனத்தின் எரிக் ஷ்மிட், எடின்பரோவில் ஆற்றிய உரையில், பிரிட்டன் தன் கணினிப் பாரம்பரியத்தைத் தானே தூக்கி எறிந்துகொண்டிருக்கிறது என்று கடிந்து பேசினார். 2012 ஜனவரியில் ராயல் சொசைட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. பிபிசி மைக்ரோவின் வடிவமைப்பாளர்களில் ஒருவரான ஸ்டீவ் ஃபர்பர் அந்தக் குழுவின் தலைவர். அதே மாதம் கல்வியமைச்சர் மைக்கேல் கோவ் பழைய பாடத்திட்டம் விலக்கிக்கொள்ளப்படும் என்று அறிவித்தார். 2013 செப்டம்பரில் புதிய பாடத்திட்டம் அச்சில் வந்தது. 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குத் தயாராகக் கிடைத்தது ஒரே ஓர் ஆண்டு. வாழ்க்கையில் ஒரு நிரல்கூட எழுதியிராத ஆசிரியர்கள்தான் அந்தப் பள்ளிகளில் பெரும்பாலோர்.

ஐந்து முதல் ஏழு வயதுக்கான பகுதி அரைப் பக்கம்கூட இல்லை. வழிமுறை என்றால் என்ன என்று குழந்தை அறிய வேண்டும். ஐயத்துக்கு இடமில்லாத, துல்லியமான கட்டளைகளைப் பின்பற்றித்தான் நிரல் இயங்குகிறது என்று உணர வேண்டும். எளிய நிரல்களை உருவாக்கிப் பிழை நீக்க வேண்டும். ஒரு நிரலைப் பார்த்து அது என்ன செய்யும் என்று முன்கூட்டியே தர்க்கத்தோடு ஊகிக்க வேண்டும். கணினியைப் பயன்படுத்தி எழுத, வரைய, சேமிக்கத் தெரிய வேண்டும். பாதுகாப்பாகப் பயன்படுத்தவும், சங்கடம் நேர்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்றும் தெரிய வேண்டும். அவ்வளவுதான். இதில் ஊகித்தல், பிழை நீக்குதல் என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். என் பேச்சு முழுவதும் இந்த இரண்டைச் சுற்றித்தான்.

அந்நாட்டுச் சிறு வகுப்புகளில் பரவலாகப் புழங்கும் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். பெயர் பீ-பாட். மஞ்சளும் கறுப்புமாக, உள்ளங்கையில் அடங்காத அளவில், தேனீ வடிவில் இருக்கும் சிறு பொம்மை. முதுகில் நான்கு அம்புக்குறிப் பொத்தான்கள். முன்னால் போ, பின்னால் போ, இடப்புறம் திரும்பு, வலப்புறம் திரும்பு. நடுவில் பச்சையாக ‘கோ’. பக்கத்தில் நினைவை அழிக்க ஒன்று, நிற்க வைக்க ஒன்று. ஒரு முறை முன்னம்பை அழுத்தினால் பதினைந்து சென்டிமீட்டர் நகரும். திரும்பும் அம்பை அழுத்தினால் நின்ற இடத்திலேயே தொண்ணூறு பாகை திரும்பும். திரை இல்லை, எழுத்து இல்லை. தரையில் பதினைந்து சென்டிமீட்டர் சதுரக் கட்டங்கள் வரைந்து, ஒரு கட்டத்தில் பூவை வைத்து, தேனீயைப் பூவுக்குக் கொண்டுபோ என்று குழந்தையிடம் சொல்வார்கள்.

குழந்தைகள் இதில் இரண்டு தவறுகளைச் செய்வார்கள். அநேகமாக எல்லாக் குழந்தைகளும் செய்வார்கள். பூ வலப்பக்கக் கட்டத்தில் இருக்கிறது. குழந்தை வலது அம்பை அழுத்திவிட்டுக் ‘கோ’ அழுத்தும். தேனீ வலப்புறம் திரும்பி, நின்ற கட்டத்திலேயே நிற்கும். திரும்புவதும் நகர்வதும் வெவ்வேறு கட்டளைகள் என்பது குழந்தைக்கு இன்னும் புரியவில்லை. இரண்டாவது தவறு இன்னும் வேடிக்கையானது. முதல் முயற்சி தோற்றதும் குழந்தை தேனீயைத் தூக்கித் தொடக்கக் கட்டத்தில் வைத்துப் புதிய கட்டளைகளைக் கொடுக்கும். பழைய நினைவை அழித்திருக்காது. தேனீ பழைய கட்டளைகளை முதலில் நிறைவேற்றிவிட்டுப் புதியவற்றைத் தொடரும். கட்டங்களைத் தாண்டி மேசைக் காலில் போய் முட்டும். ‘மிஸ், இது கெட்டுப்போச்சு’ என்று குழந்தை கத்தும்.

ஆசிரியரின் பயிற்சி சோதனைக்கு உள்ளாவது இந்த நொடியில்தான். ஒருவர் பொம்மையை வாங்கிப் பார்த்துவிட்டு, ஆமாம் கெட்டுத்தான் போயிற்று என்று அலமாரியில் வைத்துவிடுவார். இன்னொருவர் அழிக்கும் பொத்தானைத் தானே அழுத்தி, சரியான கட்டளைகளையும் தானே கொடுத்துத் தேனீயைப் பூவில் கொண்டுபோய் நிறுத்துவார். குழந்தை கைதட்டும். பாடம் நடந்ததாகவும் தோன்றும். மூன்றாமவர் மட்டும் பொம்மையைத் தொடமாட்டார். ‘நீ என்னென்ன சொன்னே? விரல் விட்டுச் சொல்லு பார்ப்போம்’ என்பார். ‘அது என்னென்ன செய்தது? முதல்லே எங்கே போச்சு?’ என்பார். குழந்தை சொன்னது நான்கு கட்டளை, தேனீ செய்தது ஏழு. மீதி மூன்று எங்கிருந்து வந்தன? குழந்தை யோசிக்கத் தொடங்குகிறது. அந்த யோசனைதான் கணினிப் பாடம். பூவை அடைவது அதற்கு ஒரு சாக்கு.

மூன்றாமவரைப் போல நடந்துகொள்வது எளிதன்று. நம் ஆசிரியர்களின் கை தவறைக் கண்டதும் சிவப்பு மையைத் தேடும். அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம். குழந்தை தோற்றுப்போய் நிற்பதைப் பார்க்க நமக்குப் பொறுக்காது. முப்பது குழந்தைகள் காத்திருக்கும்போது பொறுமைக்கு நேரமும் இருக்காது. கணக்கில் தவறைத் திருத்திக் கொடுத்தால் விடையாவது மிஞ்சும். கணினிப் பாடத்தில் பிழையை ஆசிரியர் நீக்கிக் கொடுத்தால் கற்பதற்கு எதுவுமே மிஞ்சுவதில்லை. ஏனென்றால் பிழை நீக்குவதே அங்கே பாடம்.

2014க்குப் பிறகு இங்கிலாந்தில் நடந்த பயிற்சிகளில் சிலவற்றைப் பார்க்கலாம். ‘கம்ப்யூட்டிங் அட் ஸ்கூல்’ என்று ஆசிரியர்களும் கணினி அறிஞர்களும் சேர்ந்து 2008இல் தொடங்கிய ஓர் அமைப்பு ஏற்கெனவே இருந்தது. அரசு நிதியுதவியுடன் அது முதன்மை ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்துத் தயாரித்தது. அவர்கள் பள்ளிப் பணியை விட்டுவிடாத ஆசிரியர்கள். தங்கள் வட்டாரத்துப் பள்ளிகளுக்குப் போய், தாங்களே எடுத்துப் பார்த்த வகுப்புகளைப் பகிர்ந்துகொண்டார்கள். 2014இல் ‘பேர்ஃபுட்’ என்ற திட்டம் வந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கென்றே உருவானது. கணினி அறிவியலின் கருத்துகளை அவருக்கு ஏற்கெனவே தெரிந்த பாடங்களின் வழியாக விளக்கியது. ஒரு கற்பனை உருவத்தை எப்படி வரைவது என்று ஒரு குழந்தை வரிசையாகக் கட்டளை கொடுக்க, மற்றக் குழந்தைகள் வரைவார்கள். ஒவ்வொருவர் தாளிலும் ஒவ்வோர் உருவம் வரும். ஏன் வேறுபட்டது, எந்தக் கட்டளை தெளிவாக இல்லை என்று பேசுவார்கள். இதற்குத் தேவை தாளும் பென்சிலும் மட்டும்.

இருந்தும் 2017 நவம்பரில் ராயல் சொசைட்டி மறுபடி ஆராய்ந்தபோது, கணினிக் கல்வி இடத்துக்கு இடம் வேறுபட்டதாகவும் உறுதியற்றதாகவும் இருக்கிறது என்று எழுதியது. ஐந்தாண்டுகளில் 6 கோடி பவுண்டு செலவிட வேண்டும், அதாவது நிதியைப் பத்து மடங்காக்க வேண்டும் என்று கேட்டது. அந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே அரசு 8.4 கோடி பவுண்டு அறிவித்தது. 2018இல் கணினிக் கல்விக்கான தேசிய மையம் தொடங்கியது. ராஸ்பெரி பை அறக்கட்டளை, பிரிட்டிஷ் கணினிக் கழகம், ஸ்டெம் லேர்னிங் ஆகிய மூன்றும் சேர்ந்து அதை நடத்தின. ஒன்றாம் ஆண்டு முதல் பதினோராம் ஆண்டு வரைக்கும் வகுப்பு வகுப்பாகப் பாடக் குறிப்புகளை எழுதி இலவசமாக வெளியிட்டார்கள். எந்த நாட்டு ஆசிரியரும் எடுத்துப் பார்க்கலாம். ஒன்றாம் ஆண்டுக் குழந்தை தரை ரோபோவை நகர்த்துவதில் தொடங்கும். இரண்டாம் ஆண்டில் அதே ரோபோவுக்கு வழி வகுத்து, அது எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கும்.

ஊகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சூ சென்டன்ஸ் என்ற ஆய்வாளர் தம் சகாக்களோடு ‘பிரிம்’ என்று ஒரு கற்பித்தல் முறையை வகுத்தார். ஊகி, இயக்கு, ஆராய், மாற்று, உருவாக்கு என்பது அதன் வரிசை. உயர் வகுப்புகளுக்காக எழுந்த முறை. பிறகு தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவியது. உருவாக்குவதைக் கடைசியில் வைத்திருப்பதுதான் இதன் சிறப்பு. நம் பயிற்சிகளில் முதல் மணி நேரத்திலேயே ஒரு நிரலை எழுதிக் காட்டச் சொல்கிறோம். ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறார், ஓடுகிறது, மகிழ்ந்துபோகிறார். மறுவாரம் வகுப்பில் ஓடாமல் நின்றால் ஏன் நின்றது என்று அவருக்குத் தெரிவதில்லை. வேறொருவர் எழுதியதைப் படித்து, இது என்ன செய்யும் என்று சொல்லிப் பார்த்து, பிறகு இயக்கிச் சரிபார்த்த ஆசிரியருக்கு அந்தத் திகைப்பு இருக்காது. எழுதுவதற்கு முன் வாசிக்கக் கற்றுத் தருவது தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குப் புதிதா என்ன?

இனி நம் ஊருக்கு வருவோம்.

நம்மிடம் எதுவுமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையன்று. 2018 தொடங்கிப் படிப்படியாக வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கணக்குப் பாடத்தைப் புரட்டிப் பாருங்கள். ‘தகவல் செயலாக்கம்’ என்று ஓர் இயல் இருக்கும். தொடக்க வகுப்பு நூல்களிலேயே இருக்கிறது. விவரங்களைத் திரட்டுவது, வகைப்படுத்துவது, ஒன்றையும் விட்டுவிடாமல் முறையாகப் பட்டியலிடுவது, படமாக்குவது என்று போகிறது. கணினி என்ற பொருளையே தொடாமல் கணிமைச் சிந்தனையைக் குழந்தையிடம் கொண்டுசேர்க்கும் முயற்சி அது. இந்தியாவில் இந்தத் திசையில் ஐ.ஐ.டி. மும்பையில் உருவான ‘கம்ப்யூட்டர் மஸ்தி’ நூல்கள் உண்டு. ஏசிஎம் இந்தியா 2016இல் தொடங்கிய ‘சிஎஸ்பாடசாலா’ இயக்கம் உண்டு. கணினி இல்லாமலே கற்பிக்கலாம் என்பதை வலியுறுத்துகிற இயக்கம் அது. பக்கத்தில் கேரளத்தில் கைட் என்ற அரசு நிறுவனம் தொடக்க வகுப்புகளுக்கென்றே ‘களிப்பெட்டி’ என்ற கணினிப் பாடநூல்களை மலையாளத்தில் கொண்டுவந்திருக்கிறது.

ஆனால் நம் வகுப்பறைகளில் அந்தத் ‘தகவல் செயலாக்கம்’ இயல் எப்படி நடக்கிறது? நான் பேசிப் பார்த்த ஆசிரியர்களில் பலரும் அதைப் பருவத்தின் கடைசி வாரத்தில், விடைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு முடிப்பதாகச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இயல் எதற்காக அங்கே இருக்கிறது என்று யாரும் அவர்களோடு உட்கார்ந்து பேசியதே இல்லை. இரண்டு சட்டை, மூன்று பாவாடை இருந்தால் எத்தனை விதமாக உடுத்தலாம் என்று ஒரு பயிற்சி இருந்தால், விடை ஆறு என்று எழுதி முடித்துவிடலாம். ஒரு குழந்தை ஐந்தை மட்டும் எழுதியிருக்கும்போது, விட்டுப்போனது எது, எப்படி அடுக்கியிருந்தால் விட்டுப்போயிருக்காது என்று கேட்டு ஒரு பாடவேளையைச் செலவிடவும் செய்யலாம். முதலாவது விடை எழுதுதல். இரண்டாவதுதான் தகவல் செயலாக்கம். இந்த வேறுபாட்டை ஆசிரியருக்கு உணர்த்தும் பயிற்சியைத்தான் நான் கேட்கிறேன்.

நம் பயிற்சி முறை எப்படி என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாநில அளவில் சில கருத்தாளர்களுக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்கு. அவர்கள் வட்டார வள மையத்தில் ஆசிரியர்களுக்கு. மேட்டூரில் திறந்த நீர் கடைமடைக்கு வந்து சேரும்போது எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவுதான் இங்கும் மிஞ்சுகிறது. தகவல் வந்து சேரும். பழக்கம் வந்து சேராது. கட்டகத்தை மின்திரையில் ஓடவிட்டுப் படித்துக் காட்டினால் ஆசிரியரின் கையெழுத்து வருகைப் பதிவேட்டில் விழும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. 23 கோடி பவுண்டு செலவிட்ட நாட்டுக்கே இதுதான் நேர்ந்தது.

அதே சமயம், நம் தொடக்கக் கல்வி பழக்கத்தை மாற்றிக் காட்டிய வரலாறும் நம்மிடம் உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலை நினைத்துப் பாருங்கள். ஏணிப்படியும் அட்டைகளும் கொண்டு, ஒவ்வொரு குழந்தையும் தன் நிலைக்கு ஏற்ப அடுத்த அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். அதன் குறைகளைப் பற்றி நிறைய விவாதம் உண்டு. ஆனால் ஆசிரியர் நாற்காலியிலிருந்து இறங்கிக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்தது அப்போதுதான். அந்த மாற்றம் கூட்ட அரங்கில் உரை கேட்டு வந்ததன்று. நடக்கிற வகுப்பை நேரில் போய்ப் பார்த்து, திரும்பி வந்து தன் வகுப்பில் செய்து பார்த்து, மறுபடி பேசி வந்தது. இப்போது எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளில் குழந்தைகளை நிலைவாரியாகப் பிரித்து நடத்திப் பழகியிருக்கிறோம். கணினிப் பாடப் பயிற்சிக்கு இதைவிட நல்ல அடித்தளம் வேண்டுமா?

என்னிடம் பயிற்சித் திட்டம் ஒன்றைக் கேட்டால் முதல் நாளில் கணினியையே தொடமாட்டேன். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல்லும் அவருடைய நண்பர்களும் 1990களில் உருவாக்கிய விளையாட்டுகளில் ஒன்றை எடுப்பேன். பள்ளி முற்றத்தில் சுண்ணாம்பால் கோடுகளும் வட்டங்களும் போடுவேன். ஆறு பேர் ஆளுக்கோர் எண் அட்டையோடு ஒரு முனையில் நிற்பார்கள். கோட்டின் வழியே நடந்து ஒரு வட்டத்தில் இருவர் சந்தித்தால், சிறிய எண் வைத்திருப்பவர் இடப்பக்கக் கோட்டிலும் பெரிய எண் வைத்திருப்பவர் வலப்பக்கக் கோட்டிலும் போக வேண்டும். மறுமுனைக்கு வந்து சேரும்போது ஆறு பேரும் எண் வரிசையில் நிற்பார்கள். முதல்முறை பார்க்கிற ஆசிரியர்களின் முகத்தில் வியப்பு தெரியும். வியப்போடு நான் விட்டுவிடமாட்டேன். அடுத்த முறை யாராவது ஒருவர் ஒரு வட்டத்தில் பக்கம் மாறிப் போய்விடுவார். போகாவிட்டால் நானே ஒருவரிடம் இரகசியமாகச் சொல்லி மாறிப் போகவைப்பேன். கடைசி வரிசை குலைந்துபோகும். எந்த வட்டத்தில் தவறியது என்று பின்னோக்கி நடந்து கண்டுபிடியுங்கள் என்பேன். அந்த அரை மணி நேரம்தான் என் பயிற்சியின் உயிர்நிலை. தான் ஒரு பிழையைத் தேடிக் கண்டுபிடித்த ஆசிரியர்தான் குழந்தையைத் தேடவிடுவார்.

அடுத்து கோலம். புள்ளிக் கோலத்துக்கும் கணினி அறிவியலுக்கும் உள்ள உறவு சென்னையில் கண்டறியப்பட்டது என்பதை நம் ஆசிரியர்கள் அறிய வேண்டும். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974இல் கோலங்களின் இலக்கணத்தைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை சர்வதேச இதழில் வெளிவந்தது. சிறு விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் பெரிய கோலம் பிறக்கும் என்பதைக் கணித மொழியில் காட்டியவர்கள் அவர்கள். இரண்டாம் வகுப்பில் இரு குழந்தைகளை முதுகோடு முதுகாக உட்காரவைத்து, ஒரு குழந்தை வாயால் சொல்ல மற்றது மூன்று புள்ளிக் கோலத்தை வரையட்டும். ‘இந்தப் பக்கம் வளை’ என்ற சொல் பயனற்றது என்பதைக் குழந்தை மூன்று நிமிடத்தில் கண்டுகொள்ளும். எந்தப் புள்ளியிலிருந்து, எந்தத் திசையில், எத்தனை புள்ளி தாண்டி என்று சொல்லத் தொடங்கும். துல்லியமான கட்டளை என்று இங்கிலாந்தின் பாடத்திட்டம் எழுதிவைத்திருப்பது இதைத்தான்.

கருவி பிறகு வரட்டும். ஐந்து முதல் ஏழு வயதுக்கென்று 2014இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து வெளியிட்ட ஸ்கிராட்ச் ஜூனியர் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டளைகள் படங்களாக இருப்பதால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தையும் பயன்படுத்தலாம். இரண்டு குழந்தைகளுக்கு ஒரு கைக்கணினி போதும். சொல்லப்போனால் ஒரு குழந்தைக்கு ஒரு கருவி என்பதைவிட இருவருக்கு ஒன்று என்பதே நல்லது. ஒருவர் அழுத்த, மற்றவர் ஏன் என்று கேட்பார்.

எதிர்ப்பு ஒன்றுக்கு விடை சொல்லியாக வேண்டும். தமிழை வாசிக்கவே திணறுகிற குழந்தைக்கு இது எதற்கு என்று மூத்த ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அக்கறையோடு கேட்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தையின் பெற்றோரைப் பயமுறுத்தி நிரல் வகுப்பு விற்கிற வணிகத்தை நானும் வெறுக்கிறேன். ஆனால் நான் சொல்லும் பாடத்தில் திரையின் முன் செலவாகும் நேரம் மிகக் குறைவு. பேசுவதும் கேட்பதும் வரிசைப்படுத்திச் சொல்வதும்தான் அதில் பெரும்பகுதி. தான் சொன்னதைத் திரும்ப நினைத்துப் பார்த்து, எங்கே தெளிவில்லை என்று கண்டு, மாற்றிச் சொல்லத் தெரிந்த குழந்தையின் தமிழும் வளரும், கணக்கும் வளரும். வாசிப்புக்கு ஒதுக்கிய நேரத்தைப் பிடுங்கி இதற்குக் கொடுக்காதீர்கள். கணக்குப் பாடநூலில் ஏற்கெனவே இருக்கும் அந்த இயலுக்கு உரிய நேரத்தை மட்டும் அதற்கே கொடுங்கள்.

பயிற்சி எத்தனை நாள் என்று கேட்பார்கள். இரண்டு பருவங்கள் என்பது என் விடை. தொடர்ந்து இரண்டு பருவங்கள் பள்ளியை விட்டு வெளியே இருக்க வேண்டும் என்று பொருளன்று. குறுவள மையக் கூட்டத்தில் ஒரு மணி நேரம், பிறகு தன் வகுப்பில் ஒரு பாடம், அடுத்த கூட்டத்தில் அந்த வகுப்பில் நேர்ந்த தவறுகளைப் பற்றிய பேச்சு. மின்திரையில் கட்டகம் வேண்டாம். ‘என் வகுப்பில் ஒரு குழந்தை இப்படிச் செய்தது, நான் இப்படிக் கேட்டேன், பிறகு இது நடந்தது’ என்று ஆசிரியர்கள் பேசினால் போதும். அதைக் கேட்டுக் குறிப்பெடுக்க ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். மேற்பார்வைக்கு வருபவர், குழந்தைகள் நிரல் எழுதினார்களா என்று எண்ணிப் பார்க்கக் கூடாது. வகுப்பில் நேர்ந்த ஒரு பிழையை யார் கண்டுபிடித்தது, ஆசிரியரா குழந்தையா என்று பார்க்க வேண்டும்.

இங்கே இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் கற்பித்தல் பயிற்சிக்காக மாணவர்களைப் பள்ளிகளுக்கு அனுப்புகிறீர்கள். அந்த வாரங்களில் ஒவ்வொரு மாணவரும் ‘தகவல் செயலாக்கம்’ இயலிலிருந்து ஒரு பாடத்தையாவது கட்டாயம் எடுக்கட்டும். பாடக் குறிப்பேட்டில், எதிர்பார்க்கும் விடை என்ற பத்திக்குப் பக்கத்தில், குழந்தைகள் செய்யக்கூடிய தவறுகளும் நான் கேட்கப்போகும் கேள்விகளும் என்று இன்னொரு பத்தி சேருங்கள். இதற்கு அரசாணை தேவையில்லை, நிதி தேவையில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது செய்யத் தொடங்கலாம்.

பயிற்சி மாணவர்களே, அந்தப் பாடத்தை எடுக்கும் நாளில் குழந்தை தவறு செய்யும்போது உங்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கட்டி குழந்தையிடமே இருக்கட்டும். அன்று மாலை, அந்தக் குழந்தை என்ன சொன்னது என்பதை அது சொன்ன சொற்களிலேயே எழுதி உங்கள் விரிவுரையாளரிடம் கொடுங்கள்.